ஹேமா கல்யாணம்: நம்ம வீட்டு ஆட்கள் மட்டும்

கலா: ஆண்டர்சன் தெருவில் பத்திரிகை புரூஃப் ரெடி. ஆறு மணிக்குள் ஓகே சொல்லணுமாம். மாப்பிள்ளை வீட்டு வரவேற்பு விலாசத்தில் போர்ட் பிளேர் என்று போடுவதா, ஸ்ரீ விஜயபுரம் என்று போடுவதா?

முருகன்: போர்ட் பிளேர்

பிரபு: சித்தி, 2024 செப்டம்பரிலேயே மாற்றிவிட்டார்கள். ஸ்ரீ விஜயபுரம்தான். ராஜேந்திர சோழன் ஜெயித்த ஊர் 🔥

ஹேமா: அவங்க வீட்டிலேயே எல்லோரும் பிளேர் என்றுதான் சொல்கிறார்கள்

செல்வராஜ்: பிரபு, அரைகுறையாகப் பேசாதே. ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் படையெடுத்த ஸ்ரீவிஜயம் சுமத்ராவில் இருந்தது, பலெம்பாங் பக்கம். அவன் கல்வெட்டுப் புகழ்ப்பாட்டான மெய்க்கீர்த்தியில் வருவது மாநக்கவாரம், அதாவது நிக்கோபார். நம் சம்பந்தி ஊர் தெற்கு அந்தமானில். நடுவில் பத்து டிகிரி கால்வாய் கிடக்கிறது. ஊரின் கதை வேறு. கிழக்கிந்தியக் கம்பெனி சர்வேயர் ஆர்ச்சிபால்ட் பிளேர் 1789இல் சாத்தம் தீவில் முதல் குடியேற்றம் போட்டார். அப்போது வைத்த பெயர் போர்ட் கார்ன்வாலிஸ். 1792இல் எல்லோரையும் வடக்கு அந்தமானுக்கு மாற்றினார்கள், பெயரும் கூடவே போனது. அங்கே நோயில் ஆட்கள் செத்துப்போக, 1796இல் மூட்டை கட்டிவிட்டார்கள்.

முருகன்: சரிண்ணா

பிரபு: அப்பா, ஆறு மணிக்குள்

செல்வராஜ்: இரு. அறுபது வருஷம் கழித்து 1858இல் திரும்ப வந்தபோதுதான் பழைய இடத்துக்கு பிளேர் பெயரை வைத்தார்கள். 1857இல் எதிர்த்து நின்றவர்களை நாடு கடத்த இடம் தேவைப்பட்டது. வாக்கர் என்ற அதிகாரி மார்ச் மாதம் 200 கைதிகளோடு இறங்கினார். காடு வெட்டியது, ரோடு போட்டது எல்லாம் கைதிகள்தான்.

கலா: மாமா, அத்தை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். "பொண்ணைத் தீவாந்தரத்துக்கு அனுப்பறீங்களா" என்று மறுபடியும் ஆரம்பித்துவிட்டார். ஜெயில் பேச்சு வேண்டாம்.

செல்வராஜ்: அம்மாவிடம் சொல்லும்மா, செல்லுலர் ஜெயில் 1906இல் கட்டி முடித்தது, 1979இலிருந்து நினைவுச்சின்னம். ஏழு பிரிவில் மூன்றுதான் மிச்சம். இடித்த இடத்தில் பெரிய ஆஸ்பத்திரி நடக்கிறது. நாளைக்கு ஹேமா பிரசவத்துக்கே அங்கே போகலாம்.

ஹேமா: பெரியப்பா 🙈🙈

முருகன்: அண்ணா!

பிரபு: 😂😂😂

கலா: அத்தை சொல்கிறார், தாத்தா அங்கே சாத்தம் மரமில்லில் வேலை பார்த்தபோது ஒரு தடவைகூட நம்மைக் கூட்டிப்போகவில்லையாம்.

செல்வராஜ்: அந்த மில் 1883இல் தொடங்கியது. அப்பா அங்கிருந்து கொண்டுவந்த படாக் மரக் கட்டில் இன்றைக்கும் அசையவில்லை.

கலா: தெரியும் மாமா. உங்கள் வீட்டில்தானே இருக்கிறது.

செல்வராஜ்: அம்மா கொடுத்தது.

முருகன்: கட்டில் பேச்சு இப்போது எதற்கு

பிரபு: மூன்று நாள் கப்பலா, பிளைட்டா? அதை முடிவு பண்ணுங்கள். நம்ம ஹார்பரில் ஏறினால் நேரே அங்கே இறங்கலாம். பங்க் கிளாஸ் மலிவு.

கலா: அத்தையை பங்க்கில் ஏற்றுவாயா நீ?

ஹேமா: எனக்குக் கப்பல் வேண்டாம். காசிமேட்டில் போட்டில் ஏறினாலே வாந்தி

செல்வராஜ்: பயணத்தை அப்புறம் பேசலாம். அங்கே போனால் முதலில் ராஸ் தீவைப் பாருங்கள். தலைமை அதிகாரி பங்களா, சர்ச், பேக்கரி எல்லாம் ஊருக்கு எதிரே அந்தத் துண்டுத் தீவில்தான். துரைமார் அங்கே, கைதிகள் இந்தக் கரையில். 1941 ஜூனில் பெரிய நிலநடுக்கம், அடுத்த மார்ச்சில் ஜப்பான்காரன் வந்துவிட்டான். அதோடு ராஸ் கதை முடிந்தது. 1943 டிசம்பர் 30ஆம் தேதி நேதாஜி போர்ட் பிளேரில் கொடி ஏற்றினார். அதனால்தான் 2018இல் ராஸுக்கு நேதாஜி பெயர். ஆனால் ஜப்பான்காரன் அந்த ஊர் மக்களைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. 1945 அக்டோபர் வரை அவன் பிடியில்தான் இருந்தது. கொடி ஏற்றியதைச் சொல்பவர்கள் அதையும் சொல்ல வேண்டும்.

பிரபு: இதைப் பத்திரிகையில் அடித்தால் 40 பக்கம் வரும்

முருகன்: 😂

கலா: மணி ஐந்தரை. மாமா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

செல்வராஜ்: ஸ்ரீ விஜயபுரம் என்று போட்டு, அடைப்புக்குறியில் போர்ட் பிளேர். அரசாங்கப் பெயரும் இருக்கும், ஜனங்களுக்கும் புரியும்.

ஹேமா: மாப்பிள்ளை வீட்டில் கேட்காமலேவா?

முருகன்: போன் எடுக்கவில்லை. கடையில் இருப்பார்

பிரபு: முதலில் போர்ட் பிளேர், அடைப்புக்குறியில் மற்றது?

கலா: மறுபடியும் முதலிலிருந்தா! எம்.சி. ரோட்டில் பிளவுஸ் தைக்கக் கொடுத்ததை வேறு வாங்கப் போக வேண்டும். புரூஃப் படத்தைப் போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

கலா: 📷 புகைப்படம்

ரவி: ஊர் பெயர் என்னவோ போட்டுக்கொள்ளுங்கள். தாய்மாமன் பெயர் எங்கே?

கலா: அண்ணா, பின்பக்கம் பாருங்கள். இருக்கிறது.

ரவி: பின்பக்கமா?

முருகன்: மச்சான், போன் பண்ணுகிறேன்

ரவி: வேண்டாம். பிரபு பெயர் முன்பக்கம் இருக்கிறது, நான் பின்பக்கம்.

பிரபு: மாமா, எனக்குச் சத்தியமாகத் தெரியாது 🙏

செல்வராஜ்: ரவி, இடப் பிரச்சினைதான். விலாசத்தில் அடைப்புக்குறியை எடுத்துவிட்டால் ஒரு வரி கிடைக்கும்.

ஹேமா: அம்மா, அச்சகத்தில் நாளைக் காலை வரை டைம் கேளுங்கள்