வேலையாகச் சீனா போனவர்கள் ஊர் பார்த்த கதை இருந்தால் சொல்லுங்கள்

ஆம்பூர்வாசி:

எட்டு மாதமாக ஒரு விஷயம் மண்டையைக் குடைகிறது. அதற்காகத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

சோல் மோல்ட், அதாவது ஷூவின் அடிப்பாகம் வார்க்கும் அச்சு, பார்க்க ஷூ தொழிற்சாலைகள் நிறைந்த ஜின்ஜியாங் போயிருந்தேன். ஷூ லைனில் இருப்பவர்களுக்கு அந்த ஊரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாம் நாள் காலையில் 42 சைஸ் மோல்டில் குதிகால் பக்கம் ஒரு குறை தெரிந்தது. சரிசெய்ய சாயங்காலம் ஆகும் என்றார்கள். அதுவரை சுற்றிப் பார்க்கட்டும் என்று ஒரு டிரைவரைக் கூட அனுப்பினார்கள். அவர் சிச்சுவான்காரர். போனில் மொழிபெயர்ப்பு ஆப்பை வைத்துக்கொண்டு இருவரும் சமாளித்தோம். அவர் நேராகக் கொண்டுபோய் நிறுத்திய இடம் சேதியன் என்ற கிராமம். பக்கத்துத் துறைமுக ஊரான சுவான்சௌ பக்கம் பழைய தமிழ்க் கோவில்களின் சிற்பங்கள் கிடக்கும் கதை இங்கே எல்லாருக்கும் தெரியும் என்பதால் அதை விடுகிறேன்.

சின்ன மண்டபம். உள்ளே கல்லில் ஒரு அம்மன். நான்கு கை, சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறாள், இருபுறமும் தோழிகள், காலடியில் ஒரு அசுரன். எதிரே ஆப்பிள், ஆரஞ்சு, ஊதுபத்தி. அந்த ஊர்க்காரர்களுக்கு அவள் குவான்யின், புத்த மதக் கருணைத் தெய்வம். கால் தானாக நின்றுவிட்டது. ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனேன்.

விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்த பாட்டி என் வெறுங்காலைப் பார்த்துப் பதறிவிட்டார். ஜனவரி மாதம், தரை ஐஸ் மாதிரி இருந்தது. என் ஷூவை அவரே கையில் எடுத்து வந்து என் முன்னால் வைத்து, போடு போடு என்று சைகை காட்டினார். 22 வருஷமாக ஊருக்கெல்லாம் ஷூ செய்து தருகிறேன். எனக்கு ஒருவர் ஷூவை எடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை.

அப்புறம் சிலையைக் காட்டி ஏதோ கேட்டார். ஆப் அவர் பேச்சைப் பிடிக்கவில்லை. டிரைவருக்கும் அந்த ஊர்ப் பேச்சு புரியவில்லை. நான் சிலையைப் பார்த்துக் கும்பிட்டு 'அம்மா' என்றேன். உடனே பாட்டி தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, வாய்விட்டுச் சிரித்து, என் தோளில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். மூன்று ஊதுபத்தியைக் கையில் திணித்தார். ஏன் சிரித்தார்? தப்பாக ஏதாவது சொல்லிவிட்டேனா? இதுதான் குடைச்சல்.

திருப்பூர் நூல்:

உங்களுக்குச் சிரிப்பாவது கிடைத்தது. எனக்குப் பூட்டிய கதவு.

பெய்ஜிங்கில் ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்தது. திங்கள் ராத்திரி விமானம். பகல் முழுக்கக் கையில் இருக்கிறது என்று பேரரசர்களின் பழைய அரண்மனைக்குப் போனால், திங்கள் விடுமுறை. மெஷின் வாங்க எத்தனை மாதம் விசாரித்தேன், இதை ஒரு நிமிஷம் விசாரிக்கவில்லை. அரண்மனைக்குப் பின்னால் ஜிங்ஷான் குன்று இருக்கிறதே, அதில் ஏறி மேலிருந்து மஞ்சள் ஓட்டுக் கூரைகளை மட்டும் பார்த்தேன். 1644இல் மிங் வம்சத்தின் கடைசிப் பேரரசர் தூக்கு மாட்டிக்கொண்ட இடம் அந்தக் குன்றின் அடிவாரம்தான். இப்போது அங்கே பெரியவர்கள் கூட்டமாக நின்று பாடுகிறார்கள், ஆடுகிறார்கள்.

ஒரு பெரியவர் துடைப்பம் நீளத்துக்கு ஒரு தூரிகையைத் தண்ணீரில் தோய்த்துத் தரையில் எழுதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து 'யின்து?' என்றார். இந்தியாவா என்று கேட்கிறார், தலையாட்டினேன். எனக்காகவே நான்கு எழுத்து எழுதினார். எழுதி முடித்து என் முகத்தைப் பார்த்தார். பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து, கேமராவைத் திறப்பதற்குள் முதல் இரண்டு எழுத்து காய்ந்துவிட்டது. நல்ல வெயில். மூன்றாவது பாதி. போட்டோவில் கடைசி எழுத்து மட்டும் இருக்கிறது. தெரிந்த ஏஜென்ட்டிடம் காட்டினேன், இதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றார்.

கோவை பம்ப்செட்:

திங்கள் விடுமுறை என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும் நண்பரே. புதிதாகப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று சொல்கிறேன். அரண்மனைக்கு வாசலில் போய் டிக்கெட் வாங்கும் பழக்கமே இப்போது இல்லை. பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்து முன்கூட்டிப் பதிவு செய்ய வேண்டும், ஒரு வாரத்துக்கு முன்னால் திறக்கும், நல்ல சீசனில் சீக்கிரம் தீர்ந்துவிடும். தெற்கு வாசலில் நுழைந்து வடக்கு அல்லது கிழக்கு வாசலில் வெளியேறுவதுதான் வழி, வந்த வழியே திரும்பலாம் என்று நினைத்துக்கொண்டு பின்னால் எதையும் பாக்கி வைக்காதீர்கள். தியனன்மென் சதுக்கத்தில் நிற்பதற்குக்கூட முன்பதிவு உண்டு.

பணம்: நோட்டு வைத்துக்கொண்டு திண்டாடாதீர்கள். ஊரிலேயே போனில் அலிபே என்ற பணம் கட்டும் ஆப்பைப் போட்டு விசா அல்லது மாஸ்டர் கார்டை இணைத்துவிடுங்கள். 200 யுவானுக்குள் கட்டணம் இல்லை, அதற்கு மேல் போனால் 3 சதவீதம் பிடிப்பார்கள், ஆகவே பில்லைப் பிரித்துக் கட்டலாமா என்று கடைக்காரரைக் கேளுங்கள். போன்: ஹோட்டல் வைஃபையில் வாட்ஸ்அப் வராது, கூகுள் வராது. நம் ஊர் சிம்மில் ரோமிங் போட்டால் இரண்டும் வரும். சாப்பாடு: 'வோ ச்சீ சூ' என்றால் நான் சைவம். ஆனால் காய்கறியைப் பன்றிக் கொழுப்பில் வதக்கிவிட்டுச் சைவம் என்று கொடுப்பார்கள், எனவே புத்தர் கோவில் பக்கத்தில் இருக்கும் சைவக் கடையாகத் தேடுங்கள். பெருஞ்சுவருக்குப் படாலிங் போகாதீர்கள், கூட்டம் நெரிக்கும். மூத்தியன்யூ போங்கள்.

என் அனுபவம்: மூத்தியன்யூவில் சுவரிலிருந்து கீழே இறங்க ஒரு சறுக்கு வண்டி உண்டு. எனக்கு முன்னால் எங்கள் எம்.டி. பயத்தில் வழி முழுக்க பிரேக் பிடித்துக்கொண்டே வந்தார். எனக்குப் பின்னால் முப்பது பேர் சீன மொழியில் கத்தினார்கள். அவரைத் திட்டவும் முடியாது.

திருப்பூர் நூல்:

உங்கள் எம்.டி. மட்டும் முன்கூட்டி விசாரித்திருந்தால் கேபிள் காரில் இறங்கியிருப்பார்.

பெயர் வேண்டாம்:

வாங்ஃபூஜிங் கடைத்தெரு. தனியாக நடந்துகொண்டிருந்தேன். இரண்டு பெண்கள், மாணவிகளாம், ஆங்கிலம் பேசிப் பழக வேண்டுமாம். தேநீர்க் கடைக்கு அழைத்துப்போய்ப் பெரிய பில்லைத் தலையில் கட்டும் மோசடி. மீதி எல்லாருக்கும் தெரியும். பில் 1,400 யுவான்.

பணத்தை விடுங்கள், அது கம்பெனிக் கணக்கில் எழுத முடியாத செலவு, அவ்வளவுதான். நான் கோப்பையை நம் ஊர் டம்ளர் மாதிரி உள்ளங்கையில் பிடித்திருந்தேன். ஒருத்தி என் விரல்களைப் பிரித்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் விளிம்பில், நடுவிரல் அடியில் என்று சரியாக வைத்துவிட்டாள். என் மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டாள். பிளஸ் டூ என்றேன், கணக்கு கஷ்டமா என்றாள். பில் வந்தபோது அவள் மட்டும் தலை நிமிரவில்லை. அந்தக் கணக்குக் கேள்வி நிஜமா, அதுவும் நடிப்பா? இன்றைக்கும் வீட்டில் காபியை அப்படித்தான் பிடிக்கிறேன். மனைவி கேட்டால் ஏதோ சொல்லி மழுப்புகிறேன்.

கோவை பம்ப்செட்:

இது ரொம்பப் பழைய தந்திரம் சார். தெருவில் தானாக வந்து ஆங்கிலம் பேசினால் நிற்கவே கூடாது. ஷாங்காயில் நான்ஜிங் சாலையிலும் இதே கதைதான். விலைப்பட்டியலைப் பார்க்காமல் உட்கார்ந்தது உங்கள்...

பெயர் வேண்டாம்:

நன்றி. அறிவுரை கேட்டு நான் எழுதவில்லை.

எல்இடி அண்ணாச்சி:

ஆம்பூர் நண்பர் சுவான்சௌ என்று எழுதியதைப் பார்த்ததும் வயிறு எரிகிறது. குவாங்சௌவில் நடக்கும் காண்டன் ஃபேர் வணிகக் கண்காட்சியின் முதல் கட்டம் முடிந்த மறுநாள். தமிழ்க் கல்வெட்டு உள்ள ஊர் என்று எங்கேயோ படித்த ஞாபகத்தில் குவாங்சௌ முழுக்கத் தேடினேன். தமிழில் எழுதுகிறவர்கள் இரண்டு ஊரையும் ஒரே மாதிரி எழுதித் தொலைக்கிறார்கள். குவாங்சௌ வேறு, சுவான்சௌ வேறு. மாகாணமே வேறு. இது தெரியாமல் ஹோட்டல் வரவேற்பறைப் பெண்ணிடம் 'இந்தியா, பழைய கல், கோவில்' என்று சொல்லி ஒரு டாக்சி பிடித்தேன்.

டாக்சி போய் நின்ற இடம் ஹுவாலின் கோவில். சுற்றிலும் ஜேட் என்ற பச்சைக் கல் கடைகள், வளையல், தாயத்து, சிரிக்கும் புத்தர். போதிதர்மர் கடல் வழியாக வந்து முதலில் கால் வைத்த இடம் என்று அங்கே ஒரு கல் நட்டிருக்கிறார்கள். ஒரு கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார், கடையில் மாட்டியிருந்த போதிதர்மர் படத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். தாடி, உருண்டைக் கண், வழுக்கை. பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவரும் ஒப்புக்கொண்டார். நான் தேடிப் போனது கல்வெட்டு, கிடைத்தது இது. எப்படியும் காஞ்சிபுரத்துக்காரர்தானே, நம் ஆள்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:

காஞ்சிபுரம் என்று அடித்துச் சொல்லாதீர்கள் தம்பி. தான்லின் என்ற பழைய உரைகாரர் அவரைத் தென்னிந்திய அரசகுமாரர் என்கிறார். அதே காலத்து யாங் சுவான்ஜி பாரசீகத்திலிருந்து வந்தவர் என்று எழுதியிருக்கிறார். காஞ்சி என்பது பிற்காலத்தில் சேர்ந்துகொண்ட பெருமை.

சந்தேகம் இல்லாத பெருமை இருக்கும்போது சந்தேகமானதை ஏன் பிடித்துத் தொங்க வேண்டும்? சுவான்சௌவில் கிடைத்த கல்வெட்டு சக ஆண்டு 1203, சித்திரை மாதம். அதாவது கி.பி. 1281. சம்பந்தப் பெருமாள் என்பவர், செகசைகான் என்ற கானின் (மங்கோலிய அரசர் பட்டம்) உடல் நலத்துக்காக, அவர் ஆணைப்படி சிவபெருமானை எழுந்தருளச் செய்கிறார். அரசாண்டது குப்லாய் கானின் மங்கோலியர் ஆட்சி. கோவில் பெயரை முதலில் திருக்கதலீச்சுரம் என்று படித்தவர் உண்டு. பிறகு ஜப்பானியத் தமிழறிஞர் நொபொரு கராஷிமா போன்றோர் திருக்கானீச்சுரம் என்று படித்தார்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. ராஜராஜன் பெயரில் ராஜராஜேச்சுரம் என்றால், கான் பெயரில் கானீச்சுரம். ஆட்சியில் இருப்பவர் பெயரை வைத்துக் காரியம் சாதிக்க நம் வணிகர்களுக்குச் சொல்லித் தர வேண்டுமா? அந்தக் கல் இப்போது சியாமன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

என் சொந்தக் கதை சின்னது. மகன் வேலையாகப் போனபோது தொற்றிக்கொண்டு போனேன். சுவான்சௌ கையுவான் கோவிலில் எல்லாரும் முன்னால் இரண்டு கல் கோபுரங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெரிய மண்டபத்தின் பின்பக்கத் தாழ்வாரத்துக்குப் போங்கள். அங்கே இரண்டு தூண்கள் இருக்கின்றன. இடிந்துபோன நம் கோவிலிலிருந்து எடுத்துவந்து நிறுத்தியவை. நரசிம்மர் இருக்கிறார். இரண்டு மரங்களுக்கு நடுவே குட்டிக் கிருஷ்ணன் இருக்கிறான். நான் மகனுக்கு உரலோடு மரத்தைச் சாய்த்த கதையைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் ஒரு சீனச் சுற்றுலாக் கூட்டம் தங்கள் வழிகாட்டியை விட்டுவிட்டு என்னைச் சுற்றி நிற்கிறது. ஒரு சொல் புரியாது. நான் முடித்ததும் கைதட்டினார்கள். முப்பத்திரண்டு வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன், கைதட்டல் அங்கேதான்.

நல்லூரான்:

கொழும்பு அருங்காட்சியகத்திலே காலிக் கல்வெட்டு இருக்கிறது. 1409 என்று தேதியிட்ட கல், சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்து வைத்தது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் ஒரே கல்லில். சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை, தமிழில் இந்துக் கடவுள் தேனவரை நாயனாருக்கு, பாரசீகத்தில் அல்லாவுக்கு. எல்லாரையும் சமாளித்திருக்கிறார்.

தேயிலை பொதி செய்யிற இயந்திரம் வாங்க நான்ஜிங் போனேன். செங் ஹேயின் கப்பல் கட்டின இடத்தைப் பூங்காவாக்கி வைத்திருக்கிறார்கள், அங்கேயும் கூட்டிக்கொண்டு போனார்கள். இரவு விருந்திலே அவர்களின் மேலாளர் எழும்பி, '600 வருஷத்துக்கு முன்னமே பரிசுகளோடு உங்கள் நாட்டுக்கு வந்தோம்' என்று கிண்ணத்தைத் தூக்கினார். என் வாய் சும்மா இருக்கவில்லை. 'ஓம், திரும்பிப் போகும்போது எங்கள் அரசனையும் பிடித்துக்கொண்டு இந்த ஊருக்குத்தான் வந்தீர்கள்' என்றேன். 1411இல் தென்னிலங்கையை ஆண்ட அழகேஸ்வரனைக் கொண்டுபோன கதைதான். பேரரசர் பிறகு விட்டுவிட்டார், அது வேறு.

மொழிபெயர்த்த பிள்ளை என்னைப் பார்த்தது, மேலாளரைப் பார்த்தது, பிறகு மிகச் சுருக்கமாக ஏதோ சொன்னது. எல்லாரும் சந்தோஷமாகக் 'கன்பெய்', அதாவது சீன 'சியர்ஸ்', சொல்லிக் குடித்தார்கள். அந்தப் பிள்ளை என்னத்தை மொழிபெயர்த்தது என்று இன்றுவரை தெரியாது. இயந்திர விலையில் 4 சதவீதம் குறைத்துத் தந்தார்கள். யாழ்ப்பாணத்தான் நான், அழகேஸ்வரனுக்காக வரிந்து கட்டினதை நினைத்தால் எனக்கே சிரிப்பு.

கிள்ளான் பையன்:

இவ்வளவு பேர் எழுதியும் ஆம்பூர் அண்ணனுக்கு யாரும் பதில் சொல்லவில்லையே!

அண்ணே, அந்தப் பக்கம் பேசுவது ஹொக்கியன் என்ற சீனப் பேச்சு. மலேசியாவில், கிள்ளானில் எங்கள் தெருவே ஹொக்கியன்தான், நான் மார்க்கெட்டில் கற்றுக்கொண்டது. அதனால்தான் உங்கள் ஆப் பிடிக்கவில்லை, சிச்சுவான் டிரைவருக்கும் புரியவில்லை. ஹொக்கியனில் பாட்டியை 'அமா' என்று கூப்பிடுவோம். நீங்கள் சாமியைப் பார்த்து 'அம்மா' என்றீர்கள். பாட்டி காதில் 'பாட்டி' என்று விழுந்திருக்கும். யாரோ வெளிநாட்டுக்காரன், ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு நிற்கிறான், தன்னைத் தன் பேச்சிலேயே பாட்டி என்று கூப்பிடுகிறான். சிரிக்காமல் என்ன செய்வார்?

எனக்கும் சுவான்சௌவில் ஒரு தடவை நடந்தது. மலேசியாக்காரர்களுக்கு இப்போது விசா வேண்டாம், அதனால் வேலை முடிந்து இரண்டு நாள் தங்கினேன். சிப்பி ஆம்லெட் கடையில் வாய் தவறி 'சியா பா புவே' என்றேன், சாப்பிட்டாச்சா என்று. கடைக்கார அம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டார்.

கோவை பம்ப்செட்:

சிப்பி சைவம் இல்லை என்பதைப் புதியவர்கள் கவனிக்கவும்.

ஆம்பூர்வாசி:

கிள்ளான் தம்பி, உங்கள் பதிவை மூன்று தடவை படித்துவிட்டேன். அப்படியானால் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டியது 'ஆமாம், நான்தான்' என்று. தோளில் தட்டியதும் அதற்குத்தானா.

மோல்ட் வந்து சேர்ந்தது. 42இல் அதே குறை. அடுத்த மாதம் மறுபடி போகிறேன். பாட்டி கால் என்ன சைஸ் இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். நின்றிருந்த உயரத்தை வைத்துப் பார்த்தால் 35, மிஞ்சினால் 36.