தனியுரிமை பிளாக்செயினில் முதல் அடி: உங்களுக்கு எங்கே இடறியது?

யார் என்ன செய்தார் என்பதை மறைக்கும் பிளாக்செயின்களில் நிரல் எழுதக் கற்ற கதைகளுக்கு இந்த இழை. நானே ஆரம்பிக்கிறேன். பிளாக்செயினில் தானாக இயங்கும் நிரல்களை (கான்ட்ராக்ட்) எழுதும் சாலிடிட்டி மொழி ஓரளவு கைக்கு வந்ததும் ரகசிய வாக்களிப்பு ஒன்றை எழுதிப் பார்த்தேன். வாக்கை வைத்திருந்த மாறிக்கு 'பிரைவேட்' என்று போட்டிருந்தேன், அதுவே போதும் என்று நினைப்பு. கூட வேலை பார்த்தவர் கான்ட்ராக்ட் முகவரியைக் கேட்டு வாங்கினார். பிளாக்செயின் கணினியிடம் தரவு கேட்கும் ஒரே ஓர் ஆர்பிசி அழைப்பில் கான்ட்ராக்டின் ஸ்டோரேஜைப் படித்து, நான் யாருக்கு வாக்குப் போட்டேன் என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சொல் மற்ற கான்ட்ராக்டுகளைத்தான் தடுக்கும், ஆட்களை அல்ல.

சரி, ஒழுங்காகக் கற்போம் என்று சர்காம் மொழிக்கு வந்தேன். தகவலைக் காட்டாமலே ஒன்றை நிரூபிக்க உதவும் கணித நிபந்தனைகளின் தொகுப்பை, அதாவது சர்க்யூட்டை, அதில் எழுதலாம். வயது 18 ஆகிவிட்டதா என்று நிரூபிக்கும் குட்டி சர்க்யூட். 17 கொடுத்து, அதிலிருந்து 18-ஐக் கழித்து லாக் செய்தால் -1 வரவில்லை, 77 இலக்கத்தில் ஓர் எண் வந்து நின்றது. அங்கே எல்லாமே ஒரு பெரிய பகா எண்ணுக்குள் சுற்றிவரும் கணக்கு, குறை எண் என்ற பேச்சே கிடையாது. இது தெரியாமல் இரண்டு நாள் போயிற்று. பிழைச் செய்தி வரி எண்ணைக் கொடுத்தது, எந்த மதிப்பு உதைக்கிறது என்று சொல்லவில்லை.

உங்கள் கதைகளையும் சொல்லுங்கள்.

மறுமொழி 1

உங்களுக்காவது பிழை வந்தது. எனக்கு எல்லா டெஸ்ட்டும் பச்சை.

ஒரு தொகையைச் சிலருக்குச் சமமாகப் பிரித்து, மீதியை அனுப்பியவருக்கே திருப்பித் தரும் சர்க்யூட் அது. ஈவையும் மீதியையும் <-- குறியால் கணக்கிட்டேன். 'ஈவு × ஆட்கள் + மீதி = தொகை' என்ற நிபந்தனையும் எழுதினேன். என் பார்வையில் வேலை முடிந்தது. ரிவ்யூ செய்தவர் மறுநாள் ஒரு புரூஃப் (நிபந்தனைகள் நிறைவேறின என்பதற்கான சான்று) அனுப்பினார்: தொகை 100, ஆட்கள் 4, ஈவு 0, மீதி 100. சான்றைச் சரிபார்க்கும் வெரிஃபையர் வாய் பேசாமல் ஏற்றுக்கொண்டது! நான்கு பேருக்கும் பட்டை நாமம், பணம் முழுக்க அனுப்பியவர் கையில். மீதி, ஆட்களின் எண்ணிக்கையைவிடச் சிறியது என்று நான் எங்கும் கட்டவில்லை. <-- மதிப்பைப் போடுமே தவிர, எதையும் கட்டாயப்படுத்தாது.

இது புதியவர்களுக்கு மட்டும் வரும் கோளாறும் இல்லை. 2019-இல், பணம் யாரிடமிருந்து வந்தது என்பதை மறைக்கும் டொர்னேடோ கேஷ் சேவை பயன்படுத்திய ஹாஷ் (தரவைச் சுருக்கி அடையாள எண்ணாக்கும் முறை) சர்க்யூட்டில், மதிப்பைப் போட்டு நிபந்தனையாகவும் கட்டும் <== வர வேண்டிய இடத்தில் வெறும் = இருந்தது. போலிப் புரூஃபால் பணத்தை எடுக்கலாம் என்ற நிலை. அந்தக் குழுவே ஓட்டையைப் பயன்படுத்திப் பணத்தை எடுத்துப் பத்திரப்படுத்தியது.

அதனால்தான் இப்போது இதே வேலைக்கான நோயர் மொழி பிடித்திருக்கிறது. சாதாரணமாக எழுதினால் கட்டுப்பாடும், அதாவது அந்த நிபந்தனையும், கூடவே வரும். அது வேண்டாம் என்றால் ஃபங்ஷனுக்கு 'அன்கன்ஸ்ட்ரெயின்ட்' என்றும், அழைக்கும் இடத்தில் 'அன்சேஃப்' என்றும் கை வலிக்க எழுத வேண்டும். ஆபத்தான வழிக்குத்தான் கூடுதல் எழுத்து. முதலிலிருந்தே இப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

மறுமொழி 2

இன்றைய பிள்ளைகளுக்குச் சொகுசு. 2016-இல் ஸீகேஷ் என்ற தனியுரிமை நாணயம் வந்த புதிதில், மறைக்கப்பட்ட ஒரு பரிமாற்றத்துக்குப் புரூஃப் உருவாக்க 3 ஜிபிக்கு மேல் மெமரி, அரை நிமிடத்துக்கு மேல் காத்திருப்பு. லேப்டாப் விசிறி அலறும். 2018 சாப்ளிங் மேம்படுத்தலில் அது சில விநாடி, சுமார் 40 எம்பி என்று இறங்கிய பிறகுதான் மொபைல் வாலட்டில் இதைச் செய்யலாம் என்ற பேச்சையே எங்கள் குழுவில் எடுக்க முடிந்தது.

மறுமொழி 3

பழக்கதோஷத்தில் ஹாஷுக்கு வழக்கமான எஸ்ஹெச்ஏ-256 போட்டுவிட்டு, சர்க்யூட் ஏன் இவ்வளவு பெரிது என்று முழித்த கூட்டத்தில் நானும் ஒருவன். சர்க்யூட்டுக்கென்றே வடிவமைத்த போசைடன் ஹாஷுக்கு மாற்றினேன்: பல்லாயிரம் கட்டுப்பாடுகள் சில நூறாகச் சுருங்கின.

மறுமொழி 4

நிரல் எழுதுவதைவிட சப்போர்ட்தான் என்னைப் படுத்தியது. "பணம் வரவில்லை" என்று ஒருவர் எழுதுகிறார். மற்ற பிளாக்செயின் என்றால் பரிமாற்றங்களைக் காட்டும் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் பார்த்துவிடலாம், எல்லாவற்றையும் மறைக்கும் மொனேரோ நாணயத்தில் எதைப் பார்ப்பது? வரவைப் பார்க்க மட்டும் உதவும் சாவியான வியூ கீயை அனுப்புங்கள் என்றேன். வந்தது ஸ்பெண்ட் கீ, பணத்தையே செலவழிக்கும் சாவி. இரண்டும் 64 எழுத்துச் சரம், பார்வைக்கு ஒரே அச்சு, நாங்கள் எழுதிய திரையில் அடுத்தடுத்து வேறு இருந்தன. உடனே பணத்தை வேறு வாலட்டுக்கு மாற்றச் சொல்லிவிட்டு, அன்றே அந்தத் திரையைப் பிரித்தோம்.

ஸீகேஷின் சாப்ளிங் சாவிகளில் முன்னொட்டே வேறு. செலவுச் சாவி 'சீக்ரெட்' என்ற சொல்லோடுதான் தொடங்கும், காப்பி செய்யும்போதே கை நின்றுவிடும். கணிதத்துக்கு இதனால் ஒரு பயனும் இல்லை, எனக்கு நிம்மதியாகத் தூக்கம்.

தொடங்கியவர்

முதல் மறுமொழியைப் படித்ததும் என் வயது சர்க்யூட்டைத் திறந்து <-- இருக்கிறதா என்று தேடினேன். இரண்டு இடங்களில் இருக்கிறது. அப்புறம் வருகிறேன்.