புதுப்பிப்பு: ஈஸ்ட்டில் காளான் டெர்பீன் நொதி வேலை செய்துவிட்டது

காளானின் செஸ்குவிடெர்பீன் சிந்தேஸ் (15 கார்பன் கொண்ட டெர்பீன் சேர்மங்களைச் செய்யும் நொதி) மரபணுவை ஈஸ்ட்டில் போட்டும் ஜிசி-எம்எஸ்ஸில் (சேர்மங்களைப் பிரித்து நிறை பார்க்கும் கருவி) ஒரு பீக் கூட வரவில்லை என்று பாளையங்கோட்டையிலிருந்து கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் டோடெக்கேன் யோசனை: உருவாகும் சேர்மத்தைப் பிடித்து வைக்க, எண்ணெய் போல மிதக்கும் இந்தத் திரவத்தைப் பத்தில் ஒரு பங்கு மேலே ஊற்றி வளர்த்தேன், ஒன்றும் இல்லை. (ஆனாலும் அதை விட்டுவிடாதீர்கள், இவை ஆவியாகிப் போகிற சேர்மங்கள்.) புரோமோட்டரை (மரபணுவை இயக்கிவிடும் டிஎன்ஏ பகுதி) மாற்றியும் பலனில்லை.

பலித்தது தென்காசி அண்ணாச்சி சொன்னதுதான்: "இன்ட்ரானப் பாருங்க." இன்ட்ரான் என்றால் புரதம் உருவாகும்முன் ஆர்என்ஏவிலிருந்து வெட்டி எறியப்படும் துண்டு. காளான் மரபணுக்களில் குட்டிக் குட்டி இன்ட்ரான்கள் நிறைய உண்டு, கணினிக் கணிப்பு சிலவற்றைத் தவறவிட்டுவிடும். ஏற்கெனவே தெரிந்த காளான் செஸ்குவிடெர்பீன் சிந்தேஸான காப்6 நொதியின் வரிசையோடு என்னுடையதை அடுக்கிப் பார்த்தால் நடுவில் 18 அமினோ அமிலம் கூடுதலாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. அதாவது 54 எழுத்து, மூன்றால் வகுபடும், இடையில் நிறுத்தக் குறியும் இல்லை, அதனால் மென்பொருள் அதையும் புரதம் என்றே எடுத்துக்கொண்டிருக்கிறது. ஒரு முனையில் ஜிடி, மறுமுனையில் ஏஜி, அச்சு அசல் இன்ட்ரான். அதை நீக்கிய மரபணுவைச் செய்து வாங்கிப் போட்டதும் செஸ்குவிடெர்பீனுக்கு உரிய மூலக்கூறு நிறை 204-இல் பீக் வந்துவிட்டது.

எதிர்பாராத விஷயம், ஃபார்னசால் அதைவிடப் பெரிதாக வருகிறது. நொதிக்கு மூலப்பொருள் ஃபார்னசைல் பைரோபாஸ்பேட். அதை ஸ்டெரால் பக்கம் இழுக்கும் ஈஆர்ஜி9 மரபணுவைக் குறைத்து, அதன் உற்பத்தியைக் கூட்டும் எச்எம்ஜி1 மரபணுவின் வெட்டிக் குறுக்கிய வடிவத்தைக் கூட்டிய ஈஸ்ட் இது. அதனால் மூலப்பொருள் குவிகிறது, நொதியால் அவ்வளவையும் தின்று முடிக்க முடியவில்லை, மிச்சம் ஃபார்னசாலாக மாறுகிறது போல. அடுத்து மரபணுவின் பிரதிகளைக் கூட்டிப் பார்க்கப்போகிறேன்.

அப்புறம், டோடெக்கேன் அடுக்கை ஊசியில் எடுக்கும்முன் சென்டிரிஃபியூஜில் சுற்றிவிடுங்கள், ஈஸ்ட்டோடு கலந்து மோர் மாதிரி ஆகிவிடுகிறது.