ராமா வரிசை முதல் நாவலோடு நின்றிருக்கலாமா?

தென்பெண்ணை (கிருஷ்ணகிரி):

நேற்று இரவு 'ராமா ரிவீல்ட்' படித்து முடித்தேன். நான்கு ஆங்கில அறிவியல் புனைகதை நாவல் கொண்ட ராமா வரிசையில் கடைசி. மனசு ஆறவில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆர்தர் சி. கிளார்க் 1973-ல் எழுதிய முதல் நாவலைக் கல்லூரி நாட்களில் பெங்களூரு பஸ்ஸில் ஆரம்பித்தேன். ஓசூர் வந்ததே தெரியவில்லை. 2131-ல் சூரியக் குடும்பத்துக்குள் உருளை வடிவத்தில் ஒரு வேற்றுலகக் கப்பல் நுழைகிறது. நீளம் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல், விட்டம் இருபது. நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை தன்னைத்தானே சுற்றுகிறது. கிரேக்க, ரோமானியக் கடவுள்களின் பெயர்கள் தீர்ந்துபோனதால் அதற்கு 'ராமா' என்று நம் பக்கத்துப் பெயர் கிடைக்கிறது. கமாண்டர் நார்ட்டனும் ஆட்களும் கும்மிருட்டில் விளக்கோடு இறங்குகிறார்கள். பிறகு வெளிச்சம் வருகிறது. உருளையின் உட்சுவரில் வளையமாக உறைந்து கிடந்த கடல் உருகுகிறது. கட்டியவர் ஒருவர்கூடக் கண்ணில் படவில்லை. கடைசியில் ராமா சூரியனிடம் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு தன் வழியே போய்விடுகிறது. மனிதர்கள் வந்து போனதை அது கவனித்ததாகவே தெரியவில்லை.

எங்கள் மாவட்டத்து மல்லச்சந்திரம் மலையில், பலகைக் கற்களால் கட்டிய பழங்கால ஈமச்சின்னமான கல்திட்டைக்குள் முதன்முதலாகக் குனிந்து நுழைந்தபோது எனக்கு இதே உணர்வு வந்தது. பலகைக் கல்லில் வட்டமாக ஒரு துளை. யார் செதுக்கியது, என்ன நினைத்துச் செதுக்கியது? ஆடு மேய்க்க வந்த பெரியவர் "பாண்டவர் வீடு" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அப்படிப்பட்ட நாவலை எடுத்து, கிளார்க்கும் ஜென்ட்ரி லீ என்பவரும் சேர்ந்து 1989, 1991, 1993 என்று மூன்று நாவல் போட்டார்கள். குடும்பச் சண்டை, கொலை, கும்பல் ஆட்சி. முடிவில் இதையெல்லாம் யார் அனுப்பினார்கள், படைத்தவனின் நோக்கம் என்ன என்று விளக்கமும் வந்துவிடுகிறது. எனக்கு அந்த விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

அரூர் டீச்சர்:

தம்பி, நான் இரண்டாம் நாவலில்தான் ராமாவுக்குள் நுழைந்தேன். பழைய புத்தகக் கடையில் அதுதான் கிடைத்தது. அதனால் என் கணக்கு வேறு.

முதல் நாவலில் ஆட்கள் எங்கே இருக்கிறார்கள்? நார்ட்டன் நல்ல கேப்டன், சரி. அவர் முகம் உங்களுக்கு நினைவிருக்கிறதா? ஜிம்மி பாக் பறக்கும் சைக்கிளில் தென்முனைக்குப் போய் விழுகிறான், அங்கே ஒரு பூவைப் பறிக்கிறான். அந்த ஓர் இடம்தான் எனக்கு ஒட்டியது. மற்றதெல்லாம் அளவு, வேகம், வெப்பநிலை.

'ராமா 2'-இல் நிக்கோல் வருகிறாள். மருத்துவர், ஒரு பெண்ணுக்குத் தாய். இரண்டாவதாக வந்த ராமா கப்பல் திரும்பிப் போகும்போது அதற்குள்ளேயே மாட்டிக்கொள்கிற மூன்று பேரில் ஒருத்தி. பூமிக்குத் திரும்ப வழியில்லை என்று தெரிந்த பிறகு அங்கேயே பிள்ளை பெற்று வளர்க்கிறாள். மூன்றாம் நாவலில் ராமாவுக்குள் மனிதர்களுக்கென்று ஒரு குடியிருப்பே அமைகிறது. தண்ணீர், காற்று, வீடு எல்லாம் கையில் கொடுக்கப்படுகிறது. அதையும் கெடுத்துக்கொள்கிறார்கள். அதிகாரம் ஒருவன் கைக்குப் போகிறது, பக்கத்தில் வாழும் வேற்று உயிர்கள்மேல் போர் தொடுக்கிறார்கள். நாவல் முடியும்போது நிக்கோல் மரண தண்டனைக் கைதி. எனக்கு அன்று தூக்கமே இல்லை. இதை வெறும் கும்பல் கதை என்று தள்ளிவிட முடியாது.

ஓசூர் நைட்ஷிப்ட்:

நான் தென்பெண்ணை அண்ணா பக்கம். ஆனால் காரணம் வேறு. லீ சாதாரண ஆள் இல்லை. நாசாவின் வைக்கிங், கலிலியோ விண்கலத் திட்டங்களில் வேலை செய்த பொறியாளர். வானியலாளர் கார்ல் சேகனோடு 'காஸ்மோஸ்' டிவி தொடருக்கு உழைத்தவர். அப்படிப்பட்டவர் எழுதும்போது இயந்திரம் இன்னும் நுணுக்கமாக இருக்கும் என்று நம்பித்தான் வாங்கினேன். முதல் நாவலில் ஒவ்வொன்றும் கணக்கோடு நடக்கும். உருளை சுற்றுவதால் எடை எப்படி மாறுகிறது, கடல் உருகினால் ஏன் புயல் வரும், எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கும். அடுத்ததில் ராமாவுக்குள் போவதற்கு முன்பே விண்வெளி வீரர்களின் அந்தரங்கப் பிரச்சினைகள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. நான் மெஷின் ஷாப்பில் வேலை செய்கிறவன். அந்த இயந்திரத்தைப் பார்க்கத்தான் போனேன்.

அரூர் டீச்சர்:

அது நியாயம், தம்பி. 'ராமா 2'-இன் முதல் பாதி இழுவைதான், அதை மறுக்கவில்லை.

ஆனால் தென்பெண்ணை சொல்வதை ஏற்க முடியாது. விளக்கம் வந்தால் வியப்பு செத்துவிடும் என்றால் தொல்லியல் துறை எதற்கு? உங்கள் மாவட்டத்திலேயே, பர்கூர் பக்கம் மயிலாடும்பாறையில் தோண்டினார்கள். அங்கே இரும்பு கி.மு. 2172 வரை போகிறது என்று 2022-ல் அறிவித்தார்கள். 4,200 வருஷம்! வகுப்பில் நான் சொன்னபோது பின் பெஞ்ச் பையன்கூட நிமிர்ந்து உட்கார்ந்தான். தெரிந்துகொண்டதால்தான் அந்தப் பாறைமேல் எனக்கு மதிப்பு கூடியது.

தென்பெண்ணை:

அக்கா, இதற்குப் பதில் சொல்ல அரை நாள் யோசித்தேன்.

மயிலாடும்பாறை நமக்கு என்ன கொடுத்தது? இரும்பு, பானை, ஒரு தேதி. ஒவ்வொரு விடையும் நான்கு கேள்வியைக் கூட்டிவந்தது. இரும்பை உருக்க யார் கற்றுக்கொடுத்தார்கள், எங்கிருந்து வந்தார்கள், ஏன் போனார்கள்? தோண்டத் தோண்ட இடம் பெரிதாகிறது. அப்படி ஒரு தொடர்ச்சி வந்திருந்தால் நானே தலையில் வைத்துக் கொண்டாடியிருப்பேன். ராமாவின் கடைசி நாவலில் நடப்பது அது இல்லை. பிரபஞ்சத்தைப் படைத்தவன் இணக்கம் தேடிப் பரிசோதனை செய்கிறான், ராமாக்கள் அதற்காகத் தகவல் சேகரிக்கின்றன என்று கதவைச் சாத்திவிடுகிறார்கள். அதற்குமேல் கேட்க எனக்கு எதுவும் இல்லை.

முதல் நாவலின் கடைசி வரி, ராமாவைக் கட்டியவர்கள் எதையும் மூன்று மூன்றாகச் செய்வார்கள் என்பது. தொடர்ச்சி எழுதும் எண்ணத்தோடு அதை வைக்கவில்லை, கடைசி நேரத்தில் தோன்றியது என்று கிளார்க்கே சொல்லியிருக்கிறார். அந்த ஒற்றை வரி போதும், மீதி இரண்டு ராமாக்களை நானே வருஷக்கணக்கில் கற்பனை செய்துகொண்டிருந்தேன்.

ஓசூர் நைட்ஷிப்ட்:

2017-ல் 'ஓமுவாமுவா' என்ற பொருள் சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்து போனபோது, அதற்கு ராமா என்றே பெயர் வைக்கலாம் என்று பேச்சு வந்தது. அப்போது எல்லோருக்கும் நினைவு வந்தது முதல் புத்தகம்தான்.

அரூர் டீச்சர்:

வரட்டும். ஆனால் நிக்கோலின் கடைசி நாள் யாருக்கும் நினைவில்லை என்று சொல்லாதீர்கள். இதயம் ஓய்ந்துகொண்டு வருகிறது. ஆயுளை நீட்டித் தருகிறோம் என்கிறார்கள். வேண்டாம் என்கிறாள். என் அம்மா தர்மபுரியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அதே வார்த்தையைச் சொன்னவர். அந்த அத்தியாயத்தைப் படித்தபோது விளக்கம் சரியா தவறா என்று நான் பார்க்கவில்லை.

தென்பெண்ணை:

அக்கா, அந்த அத்தியாயத்தை நானும் இரண்டு தடவை படித்தேன். அழுதேன். நிக்கோல் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. அவளுக்கு ராமா என்ற பெயர் இல்லாத வேறொரு கப்பலைக் கொடுத்திருக்கலாம்.

அரூர் டீச்சர்:

ராமா என்ற பெயர் இல்லாவிட்டால் நீங்கள் அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்திருப்பீர்களா, தம்பி?

தென்பெண்ணை:

எடுத்திருக்க மாட்டேன், அக்கா.