மாதிரித் தேர்வில் சதவீதம் 7765% என்று வருகிறது, அவசர உதவி தேவை

மன்னை_மாலைவகுப்பு:
வணக்கம். ஊர் நூலகத்தில் பிள்ளைகளுக்கு நடத்தும் மாதிரித் தேர்வின் பட்டியலை நாளைக் காலை பலகையில் ஒட்டியாக வேண்டும். முதல் பெண்ணுக்குச் சரி 132, தவறு 38. சதவீதக் கட்டத்தில் 7765% என்று நிற்கிறது. எல்லோருக்கும் இப்படி ஆயிரக்கணக்கில்தான் வருகிறது. எங்கே பிழை?

குடவாசல்காரன்:
மொத்தம் எத்தனை கேள்வி? தவறுக்கு மதிப்பெண் கழிவு உண்டா? எக்செல்லா, வேறு ஏதாவதா?

வலங்கை_செல்வி:
கைப்பேசியில் செய்கிறீர்களா? எனக்கும் ஒருமுறை கூட்டல் தாறுமாறாக வந்தது. செயலியை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றியதும் சரியாகிவிட்டது.

குடந்தை_கணக்காசிரியர்:
செயலியின் மேல் பழி போடாதீர்கள் அம்மா. இது பள்ளிக்கூடக் கணக்கு. மொத்தம் எத்தனை என்று சொல்லாமல் சதவீதம் கேட்பவருக்கு யார் பதில் சொல்ல முடியும்? கேள்வியை முழுதாக எழுதப் பழகுங்கள் தம்பி.

திருவையாறு_பொறியாளர்:
அந்த எண்ணிலேயே விடை இருக்கிறது ஐயா. 132-ஐ 170-ஆல் வகுத்தால் 0.7765. சூத்திரத்தில் 100-ஆல் பெருக்கிவிட்டு, கட்டத்துக்குச் சதவீத வடிவமும் கொடுத்திருக்கிறார். எக்செல் இன்னொரு முறை நூறு மடங்காக்கிக் காட்டுகிறது. பெருக்கலை எடுத்துவிட்டால் 77.65% வரும். ஆனால் அதுவும் மதிப்பெண் ஆகாது. 170 என்பது சரியும் தவறும் மட்டும். எழுதாமல் விட்ட கேள்விகள் எங்கே?

மன்னை_மாலைவகுப்பு:
நீட் மாதிரிதான். 180 கேள்வி. அந்தப் பெண் பத்தைத் தொடவில்லை.

திருவையாறு_பொறியாளர்:
அப்படியென்றால் சரிக்கு 4, தவறுக்கு 1 கழிவு, மொத்தம் 720. 132×4=528, அதில் 38 போக 490. அதை 720-ஆல் வகுத்தால் 68.06%. சரி பி வரிசையிலும் தவறு சி வரிசையிலும் இருந்தால் =(பி2*4-சி2)/720 என்று போடுங்கள், பி, சி இரண்டும் ஆங்கில எழுத்தில்.

குடவாசல்காரன்:
77.65-ஐயும் பக்கத்தில் போடுங்கள். தொட்டதில் எத்தனை சரி என்று அது காட்டும். மேட்டூரில் நீர்மட்டம் அடியிலும் இருப்பு டிஎம்சியிலும் சொல்கிறார்களே, அதுபோல இரண்டும் வேண்டும்.

வலங்கை_செல்வி:
பிள்ளைகளுக்கு எதற்குக் கழிவு? குரூப் 4-இல் 200 கேள்விக்கு 300 மதிப்பெண், கழிவே கிடையாது.

குடந்தை_கணக்காசிரியர்:
கழிவு இல்லாவிட்டால் குருட்டாம்போக்கில் நிரப்புவார்கள்.

வலங்கை_செல்வி:
கழிவு இருந்தாலும் நிரப்பலாமே! நான்கு கேள்வியைக் கண்ணை மூடிக்கொண்டு அடித்தால் சராசரியாக ஒன்று சரி, மூன்று தவறு. நான்கில் மூன்று போக ஒன்று மிச்சம். நீட்டில் பயந்து விடுகிற பிள்ளைதான் நட்டப்படுகிறது.

குடந்தை_கணக்காசிரியர்:
சராசரி என்பது ஆயிரம் பேருக்கு. தேர்வறையில் உட்கார்ந்திருப்பது ஒரு பிள்ளை.

மன்னை_மாலைவகுப்பு:
68.06 வந்துவிட்டது. ஒரு பையனுக்கு மட்டும் −1.39% காட்டுகிறது. சரி 20, தவறு 90. சூத்திரம் தவறா?

திருவையாறு_பொறியாளர்:
சூத்திரம் சரி. 80−90=−10. நீட்டிலும் மைனஸ் வரும்.

குடந்தை_கணக்காசிரியர்:
அவன் வரியை நாளைக்கு ஒட்டாதீர்கள் தம்பி. 110 கேள்வியைக் குருட்டாம்போக்கில் நிரப்பினாலே 27 பக்கம் தேறியிருக்கும். அதற்கும் கீழே என்றால் ஓஎம்ஆர் தாளை எடுத்துப் பாருங்கள். நடுவில் ஒரு கேள்வியை விட்டுவிட்டு, அடுத்த விடையை விட்ட எண்ணிலேயே நிரப்பியிருப்பான். அங்கிருந்து கடைசி வரை எல்லாம் ஒரு வரி தள்ளிப் போயிருக்கும். விடையை ஒரு வரி நகர்த்தித் திருத்திப் பாருங்கள்.

மன்னை_மாலைவகுப்பு:
41-இலிருந்து தள்ளியிருக்கிறது. திருத்துகிறேன். நன்றி ஐயா.

பாபநாசம்_வாசகர்:
இதே தாளைக் குரூப் 4 பயிற்சிக்கும் வைக்கலாமா? 'விடை தெரியவில்லை' என்று ஐந்தாவது வட்டத்தை நிரப்பியதைத் தவறில் சேர்ப்பதா, விட்டதில் சேர்ப்பதா?