மறு: ஸ்டில் லைஃப் - வைப்போவியம்

> 'அசையாப்பொருள் ஓவியம்' என்றே இருக்கட்டுமே. புதுச்சொல் எதற்கு?

வணக்கம் ஐயா. பழம், பாத்திரம் போன்ற பொருள்களை எதிரே வைத்து வரைகிற 'ஸ்டில் லைஃப்' ஓவியத்துக்கு 'வைப்போவியம்' என்ற சொல்லை நம் கலைச்சொல் பட்டியலுக்குச் சொல்லியிருந்தேன்.

நீங்கள் சொல்லும் 'அசையாப்பொருள் ஓவியம்' என்பதை வைத்துத்தான் வேலூரில் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித் தருகிறேன். 'அசையாப்பொருள்' என்றதும் "வீடு, நிலமா சார்?" என்று கேட்கிறார்கள். பத்திரத்தில் பார்த்த சொல் அவர்களுக்கு. 'உயிரற்ற பொருள்' அதைவிடவும் பொருந்தாது. பிரெஞ்சில் இவ்வகை ஓவியத்துக்கு 'செத்த இயற்கை' என்றுதான் பெயர். அதை நாமும் சுமக்க வேண்டாம்.

போன வாரம் மூன்று ஜவ்வாது மலை சீத்தாப்பழங்களை எவர்சில்வர் தட்டில் வைத்து வரையச் சொன்னேன். முதல் நாள் கெட்டிப் பச்சை. மூன்றாம் நாள் கண் விட்டுவிட்டது. பச்சை மேடுகளுக்கு நடுவே வெளிர்மஞ்சள் கோடுகள், ஒரு பழம் காம்போரம் வெடித்திருந்தது. பூசிய பச்சையின் மேலேயே வெள்ளையும் மஞ்சளும் குழைத்துத் திரும்பப் பூசினார்கள். இதையா உயிரற்றது என்பது? பிரெஞ்சு ஓவியர் செசான் வரைந்து முடிப்பதற்குள் பழங்கள் அழுகிவிடுமாம், அவ்வளவு நிதானம்.

சிகாகோ கலைக்கூடத்தில் இருக்கும் அவருடைய ஆப்பிள் கூடை ஓவியத்தைப் பாருங்கள், 1893 வாக்கில் வரைந்தது. மேசையின் முன்விளிம்பு, மேலே கிடக்கும் துணிக்கு இடப்புறம் ஒரு மட்டத்தில் இருக்கிறது, வலப்புறம் வேறு மட்டத்தில். பாட்டில் சாய்கிறது. கூடை முன்னால் கவிழ்கிறது. அப்படியும் ஓர் ஆப்பிள்கூட உருண்டு விழாது என்று கண் நம்புகிறது. இரண்டு மூன்று இடங்களில் நின்று பார்த்ததை ஒரே ஓவியத்தில் சேர்த்திருக்கிறார். பின்னால் வந்த ஓவியர்கள் பிக்காசோவும் பிராக்கும் பிடித்துக்கொண்ட நூல் இதுதான். எதை எங்கே வைத்தார் என்பதில்தான் அந்த ஓவியமே நிற்கிறது.

அதனால்தான் வைப்போவியம் என்கிறேன். நூலில் இயல்களின் வரிசையை 'வைப்பு முறை' என்கிறோமே, அந்த வைப்பு. வங்கி வைப்புத்தொகை நினைவுக்கு வரும் என்று அம்மா ஒருவர் எழுதியிருந்தார். ஓவியத்தோடு சேர்ந்தபின் அந்தக் குழப்பம் வராது என்று நினைக்கிறேன். 'படையல் ஓவியம்' என்ற பெயரும் கேட்க அழகாகத்தான் இருக்கிறது, பழத்துக்குப் பொருந்தவும் செய்யும். ஆனால் வான்கோ வரைந்த பழைய ஷூக்களும் இதே வகைதானே? அவற்றைப் படையல் என்று சொல்ல முடியாது.

அப்புறம் இன்னொரு வசதி. "வைப்பு சரியில்லை, அந்தப் பழத்தைக் கொஞ்சம் தள்ளி வை" என்று வகுப்பில் இப்போதே பேச வருகிறது. பட்டியலில் சேர்க்கலாமா?