மாடித்தோட்டக் கருவிகளைப் பகிர கூகுள் ஷீட்: ஒரே ஸ்ப்ரேயர் இரண்டு வீட்டுக்குப் பதிவாகிறது, உதவுங்கள்

கீரைப்பாத்தி:
வணக்கம். கோவை வடவள்ளிப் பக்கம் எங்கள் லேஅவுட்டில் தோட்டம் போட்டிருப்பவர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். வருஷத்தில் நாலு தடவை எடுக்கிற சாமானை வீட்டுக்கு ஒன்றாக வாங்கிப் போடுவது வீண் என்று, கொஞ்சம் பொதுப்பணத்தில் வாங்கியும் கொஞ்சம் அவரவர் வீட்டில் சும்மா கிடந்ததைக் கொடுத்தும் ஒரு தொகுப்பு சேர்ந்திருக்கிறது. 16 லிட்டர் பேட்டரி ஸ்ப்ரேயர், மண்வெட்டி, கடப்பாரை, தொரட்டி, கவாத்துக் கத்தரி, மண் சலிக்கிற சல்லடை, தள்ளுவண்டி, அலுமினிய ஏணி.

இதற்கு ஒரு கூகுள் ஃபார்ம் போட்டேன். பெயர், கருவி, எடுக்கும் தேதி, தரும் தேதி. பதில்கள் ஷீட்டில் விழும், பக்கத்து நெடுவரிசையில் ஒரு ஃபார்முலா "மோதல்" என்று காட்ட வேண்டும். காட்டுவதில்லை. சில வரிசைகளில் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது, சிலதில் மோதலே இல்லாத இடத்தில் மோதல் என்கிறது. போன சனிக்கிழமை ஸ்ப்ரேயருக்காக இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரே நேரத்தில் வந்து நின்றார்கள். ஃபார்முலாவை 500 வரிசை வரை இழுத்துத்தான் விட்டிருக்கிறேன். பெரியவர்கள் ஃபார்ம் நிரப்ப மாட்டார்கள், வாய்ஸ் மெசேஜ் போடுவார்கள், அதை நானே ஷீட்டில் தட்டி ஏற்றுகிறேன். எங்கே கோளாறு?

ஷீட்டுச்சித்தர்:
இரண்டு கேள்வி. ஃபார்முலா எதை எதோடு ஒப்பிடுகிறது? நீங்கள் கையால் ஏற்றிய தேதிகளில் சிலது கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா?

கீரைப்பாத்தி:
அதே கருவி, அதே எடுக்கும் தேதி இன்னொரு வரிசையில் இருக்கிறதா என்று பார்க்கிறது. தேதி... ஆமாம் சார், சிலது இடது, சிலது வலது. அழகுக்கு என்று நினைத்து எல்லாவற்றையும் நடுவில் வைக்க இருந்தேன்.

ஷீட்டுச்சித்தர்:
நடுவில் வைக்காதீர்கள், அந்த இடது வலதுதான் துப்பு. உங்களுக்கு மூன்று தனித்தனி வியாதி ஒன்றாக வந்திருக்கிறது.

காலிக் கட்டம் ஏன் வருகிறது என்றால், ஃபார்மில் ஒருவர் பதில் அனுப்பும்போது கூகுள் இருக்கிற வெற்று வரிசையில் எழுதுவதில்லை, புதிதாக ஒரு வரிசையை நுழைத்து அதில் எழுதுகிறது. நீங்கள் இழுத்து வைத்த ஃபார்முலா எல்லாம் கீழே தள்ளப்பட்டுவிடும். அதனால் பதில் விழும் தாளில் எதையும் எழுதாதீர்கள். பக்கத்தில் இன்னொரு தாள் திறந்து, அங்கே நெடுவரிசைகளை முழுசாக ஒரே ஃபார்முலாவில் இழுத்துக்கொண்டு, கணக்கை அங்கே போடுங்கள். ஒவ்வொரு கட்டமாகச் சுட்டினால் அங்கேயும் இதே தொல்லைதான்.

தேதி விஷயம். ஷீட்டின் லொகேல், அதாவது எந்த நாட்டு வழக்கப்படி தேதியைப் படிக்க வேண்டும் என்ற அமைப்பு, அமெரிக்கா என்று இருக்கும், பாருங்கள். நீங்கள் ஜூன் 5 என்று நினைத்து 5/6 அடித்தால் அது மே 6 என்று எடுத்துக்கொள்ளும். 14/6 அடித்தால் 14ஆம் மாதம் கிடையாதே, அதனால் தேதியாகவே எடுக்காமல் வெறும் எழுத்தாக இடது பக்கம் ஒதுக்கிவிடும். ஃபார்ம் வழியாக வந்தவை சரியாக இருக்கும், உங்கள் கை வழியாக வந்தவைதான் புரண்டிருக்கும். ஃபைல், செட்டிங்ஸ் போய் லொகேலை இந்தியா ஆக்குங்கள். ஆனால் ஏற்கெனவே மே மாதமாக மாறிப்போனது தானாக ஜூன் ஆகாது, அவற்றை ஒவ்வொன்றாகத் திருத்தத்தான் வேண்டும்.

மூன்றாவது, ஒப்பிடுவதே தப்பு. ஒருவர் 3ஆம் தேதி எடுத்து 6ஆம் தேதி தருகிறார், இன்னொருவர் 5ஆம் தேதி கேட்கிறார். எடுக்கும் தேதி வேறு வேறு, ஆக உங்கள் ஃபார்முலா வாயே திறக்காது. விதி இதுதான்: அதே கருவியின் வேறொரு பதிவு, புதியவர் திருப்பித் தரும் நாளிலோ அதற்கு முன்போ தொடங்கி, புதியவர் எடுக்கும் நாளிலோ அதற்குப் பின்போ முடிந்தால் மோதல். நிபந்தனைக்குப் பொருந்தும் வரிசைகளை எண்ணிச் சொல்லும் கவுண்ட்இஃப்ஸ் ஃபார்முலா ஒன்றே போதும், கருவி, தொடக்கம், முடிவு என்று மூன்று நிபந்தனை. அது தன்னையும் சேர்த்து எண்ணும், அதனால் 1க்கு மேல் வந்தால்தான் மோதல்.

பழைய_நோட்டு:
ஒரு ஏணிக்கும் கடப்பாரைக்கும் இவ்வளவு கணக்கா? கருவி இருக்கிற வீட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டும் நூலில் கட்டிய பேனாவும் தொங்கவிட்டால் தீர்ந்தது. எங்கள் தெருவில் அப்படித்தான் ஓடுகிறது.

கீரைப்பாத்தி:
நோட்டு வைத்துத்தான் ஆரம்பித்தோம் அண்ணா. நோட்டைப் பார்க்க அந்த வீட்டுக்கே போக வேண்டும், அவர்கள் ஊருக்குப் போனால் நோட்டும் பூட்டுக்குள். இருக்கிறதா இல்லையா என்பது வீட்டிலிருந்தே தெரிய வேண்டும் என்பதுதான் எல்லோரும் கேட்பது.

கடல்கடந்த கத்தரி:
நான் கலிபோர்னியாவில் இருக்கிறேன். பக்கத்தில் பெர்க்லி நகரப் பொது நூலகம் 1979 முதலே புத்தகம் மாதிரி கருவிகளையும் இரவல் கொடுக்கிறது. அங்கே பார்த்ததில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் ஃபார்மில் அதுதான் இல்லை. நீங்கள் வாங்கிவைத்திருப்பது முன்பதிவு மட்டும். கருவி கைமாறியதும் திரும்பி வந்ததும் எங்கேயும் பதிவாகவில்லை. 6ஆம் தேதி தருவேன் என்று எழுதியவர் 6ஆம் தேதி தந்தாரா என்பது ஷீட்டுக்குத் தெரியாது, தந்ததாகவே நினைத்துக்கொண்டு 7ஆம் தேதி அடுத்தவருக்குக் கொடுத்துவிடும். சித்தர் சொன்ன மூன்றையும் சரி செய்தாலும் இந்தச் சண்டை தீராது. "எடுத்தேன்", "கொடுத்தேன்" என்று இன்னொரு குட்டி ஃபார்ம் போடுங்கள். கருவி எண், எடுப்பா திருப்பலா, இவ்வளவு போதும். கடைசிப் பதிவு "எடுத்தேன்" என்றிருந்தால் கருவி வெளியே இருக்கிறது, தேதி என்ன சொன்னாலும் சரி.

இங்கே இதற்கென்றே மைடர்ன் போன்ற மென்பொருள் உண்டு, சந்தா கட்ட வேண்டும். உங்கள் எட்டுப் பத்துச் சாமானுக்கு வேண்டாம்.

கீரைப்பாத்தி:
இது நல்ல யோசனை. ஒவ்வொரு கருவியிலும் க்யூஆர் கோடு ஒட்டி, ஸ்கேன் செய்தால் அந்தக் கருவியின் பெயரோடு ஃபார்ம் திறக்கிற மாதிரி செய்ய முடியுமா?

ஷீட்டுச்சித்தர்:
முடியும். ஃபார்மின் மூன்று புள்ளி மெனுவில் முன்கூட்டியே நிரப்பிய லிங்க் எடுக்கலாம், கருவிக்கு ஒரு லிங்க், அதை க்யூஆர் ஆக்கினால் சரி. ஆனால் மண்வெட்டிப் பிடியில் ஒட்டாதீர்கள். வியர்வை, சேறு, வெயில், ஒரு மழைக்காலம் தாங்காது. கருவியில் பெயின்டால் எண் மட்டும் எழுதுங்கள், க்யூஆரை அது மாட்டியிருக்கும் ஆணிக்கு மேலே சுவரில் லேமினேட் செய்து ஒட்டுங்கள். எடுக்கும்போதும் மாட்டும்போதும் கண் அங்கேதான் போகும். வாய்ஸ் மெசேஜ் போடுகிற பெரியவர்களை விட்டுவிடுங்கள், சாமான் இருக்கிற வீட்டுக்காரரே அவர்களுக்காக ஸ்கேன் செய்யட்டும்.

இன்னொன்று. மோதல் வந்தால் தானாக மெயில் போக வேண்டும் என்று பின்னால் ஆப்ஸ் ஸ்கிரிப்ட், அதாவது ஷீட்டுக்குள் ஓடும் குட்டி நிரல், எழுதுவீர்கள், எல்லோரும் அங்கேதான் போய் நிற்பார்கள். ஆன்எடிட் என்று எழுதினால் கையால் கட்டத்தை மாற்றும்போதுதான் ஓடும், ஃபார்ம் பதிலுக்கு அது ஓடாது. ஃபார்ம் பதில் வந்ததும் நிரலை ஓட்டிவிடும் ஃபார்ம் சப்மிட் டிரிக்கரைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

வேப்பெண்ணெய்:
தம்பி, தேதியெல்லாம் சரி, அந்த ஸ்ப்ரேயரில் யார் என்ன அடித்தார்கள் என்று எங்கே எழுதுகிறீர்கள்? எங்கள் திருச்சிக் குழுவில் ஒருத்தர் காலி மனையில் பார்த்தீனியத்துக்குக் களைக்கொல்லி அடித்துவிட்டு, தண்ணீர் விட்டு ஒரு அலசு அலசிக் கொடுத்துவிட்டார். அடுத்த வாரம் அதில் மீன் அமிலம் அடித்த அம்மாவின் தக்காளி இலை எல்லாம் நூல் மாதிரி சுருண்டு முறுக்கிக்கொண்டது. 2,4-டி என்கிற களைக்கொல்லி மருந்து துளி மிச்சம் இருந்தாலும் தக்காளி தாங்காது, வெறும் தண்ணீருக்கு அது போகவும் போகாது. களைக்கொல்லி அடிக்க வேண்டும் என்றால் வேறு தெளிப்பான், சிவப்புப் பெயின்ட் அடித்து, பட்டியலிலேயே வேறு எண்ணாக. இதை நல்ல பழக்கத்துக்கு விட்டுவிட முடியாது. திருப்பல் ஃபார்மில் "என்ன அடித்தீர்கள்" என்று கட்டாயக் கேள்வி வைத்துவிடுங்கள்.

பஞ்சகவ்யம் அடிப்பவர்களிடம் துணியில் வடிகட்டச் சொல்லுங்கள், நாசில் அடைத்தபடியே திரும்பி வரும். கவாத்துக் கத்தரியைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் தரச் சொல்லுங்கள், செம்பருத்தியில் இருக்கிற மாவுப்பூச்சி கத்தரியோடு வீடு மாறும்.

பழைய_நோட்டு:
அக்கா சொல்வது சரி. எங்கள் நோட்டில் அந்தக் கேள்வி இல்லை, இன்றைக்கே கோடு போட்டுவிடுகிறேன். ஒரு சந்தேகம், தமிழக அரசின் உழவன் செயலியில் இதெல்லாம் கிடைக்காதா?

ஷீட்டுச்சித்தர்:
அதில் வாடகைக்குப் பதிவது டிராக்டர் மாதிரி பெரிய எந்திரம், விவசாயிகளுக்கு. தொரட்டிக்கு அரசாங்கம் வராது.

கீரைப்பாத்தி:
லொகேல் மாற்றியாச்சு, அமெரிக்காதான் இருந்தது. புரண்ட தேதிகளை வாய்ஸ் மெசேஜைத் திரும்பக் கேட்டுத் திருத்திக்கொண்டிருக்கிறேன். தனித் தாளில் கணக்கும் வேலை செய்கிறது. எடுப்பு-திருப்பல் ஃபார்மில் வேப்பெண்ணெய் அக்காவின் கேள்வியைக் கட்டாயமாக்கிவிட்டேன். பேட்டரியைச் சார்ஜ் போட்டுக் கொடுப்பது யார் பொறுப்பு என்று மட்டும் குழுவில் இன்னும் வாக்குவாதம். எடுத்தவரா, வைத்திருக்கும் வீடா?

வேப்பெண்ணெய்:
வைத்திருக்கும் வீடு. லெட் ஆசிட் பேட்டரியாக இருந்தால் காலியாகவே நாள்கணக்கில் கிடந்தால் கெட்டுவிடும், எடுத்தவர் மறந்துவிட்டுப் போய்விடுவார். அந்த வீட்டுக்குக் கரண்ட் செலவுக்குப் பதிலாகச் சந்தாவில் கழித்துக்கொள்ளுங்கள்.